கண்ணுக்குத் தெரியாத பரப்பை அளப்பது: பளபளக்கும் பொருள்களின் முப்பரிமாண வடிவம்

காற்றில்லாத விடியற்காலையில் கோயில் குளத்தின் படிக்கட்டில் நின்று கீழே பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் அன்று. தலைகீழாக நிற்கும் கோபுரம். இலேசாகக் காற்றடித்துக் கோபுரத்தின் விளிம்பு நெளியும்போதுதான், நடுவில் ஒரு நீர்ப்பரப்பு இருப்பதே நமக்கு உறைக்கிறது. கண்ணாடி, மெருகேற்றிய உலோகம், வண்ணம் பூசிய கார்க் கதவு, மனிதக் கண்ணின் முன்பரப்பு போன்ற பளபளக்கும் பொருள்களின் வடிவத்தை ஒளியால் அளக்கும் வழிகளுக்கு இந்தக் குளத்தங்கரைக் காட்சியே நல்ல தொடக்கம்.

முப்பரிமாண ஸ்கேனர்களைப் பற்றிய பேச்சு பெருகிவிட்ட இந்நாளில் இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழுகின்றன. பளபளப்பான பொருளிலிருந்து ஒளி நிறையத் திரும்பி வருவதால் அதை அளப்பது எளிது என்பது ஒன்று. கண்கூச்சம்தான் சிக்கல், கேமராவுக்குள் புகும் ஒளியைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன: பளபளக்கும் பரப்பைக் கேமரா பார்க்கிறது என்று இரண்டுமே நினைத்துக்கொள்கின்றன.

சுவரில் விழும் புள்ளியும் கண்ணாடியில் விழாத புள்ளியும்

சுண்ணாம்பு அடித்த சுவரின்மேல் ஒரு லேசர் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், அறையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சிவப்புப் புள்ளி தெரியும். சுவரின் பரப்பு நுண்ணிய அளவில் மேடும் பள்ளமுமாக இருப்பதால், விழுந்த ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. பள்ளிப் பாடநூல்கள் இதை ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று அழைக்கின்றன. அதே லேசரை முகம் பார்க்கும் கண்ணாடிமேல் பாய்ச்சினால், தூசியோ கைரேகையோ இல்லாத சுத்தமான கண்ணாடியாக இருந்தால், அதன்மேல் புள்ளியே தெரியாது; புள்ளி எதிர்ச்சுவரில் போய் விழுந்திருக்கும். வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் ஒரே திசையில் ஒளி திரும்பிச் செல்லும் இந்நிகழ்வு ஒழுங்கான எதிரொளிப்பு.

ஆகவே பளபளப்பான பரப்பிலிருந்து ஒளி நிறையத் திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு திசையில் திரும்புகிறது. அந்தத் திசையில் கேமரா இருந்தால் கண்கூசும். இல்லாவிட்டால் ஒன்றுமே வராது.

சாதாரண ஸ்கேனர் எங்கே தடுமாறுகிறது?

பெரும்பாலான ஒளியியல் ஸ்கேனர்கள் முக்கோண முறையில் வேலை செய்கின்றன. ஓரிடத்திலிருந்து ஒரு ஒளிக்கோட்டையோ வரிவரியான ஒளியையோ பொருளின்மேல் வீசுகிறார்கள். சற்றுத் தள்ளி வைத்த கேமரா அதைப் பார்க்கிறது. ஒளி புறப்பட்ட கோணமும் கேமரா அதைக் காணும் கோணமும் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமும் தெரிந்திருப்பதால், முக்கோணத்தின் மூன்றாவது முனை, அதாவது பொருளின்மேல் ஒளி பட்ட இடம், கணக்கில் கிடைத்துவிடுகிறது. ஒரு குன்றின் தொலைவை அதன்மேல் ஏறாமலே நில அளவையாளர் கண்டுபிடிப்பதும் இவ்வாறுதான்.

இந்த முறை முழுவதும் ஒரு நிபந்தனையைச் சார்ந்திருக்கிறது: வீசிய வரி பொருளின்மேல் பதிந்து தெரிய வேண்டும். கண்ணாடிபோன்ற பரப்பில் அது பதிவதே இல்லை. கேமராவின் ஒளி அளவைக் குறைத்தாலும் கூட்டினாலும், அங்கே இல்லாத வரியை மீட்க முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை, வரியின் பிம்பம் வேறெங்கோ தோன்றுவதை உண்மையான வரியென்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, பொருளுக்கு அரை அடி பின்னால் ஒரு போலிப் பரப்பை வரைந்து காட்டுவது. அளவு கிடைக்காமல் போனால் நாம் விழித்துக்கொள்வோம். தவறான அளவு நம்பிக்கையாகக் கிடைத்தால் என்ன செய்வது?

இதற்குப் பட்டறைகளில் கையாளும் வழி, பொருளின்மேல் வெண்பொடியைத் தெளித்து அதை மங்கலாக்கிவிடுவது. டைட்டானியம் டைஆக்சைடு கலந்த தெளிப்பான்களும், சில மணி நேரத்தில் தானே ஆவியாகிப் போகும் தெளிப்பான்களும் கடையில் கிடைக்கின்றன. எந்திர பாகங்களுக்கு இது போதுமானது என்றே நான் கருதுகிறேன். இதை ஏளனமாகப் பேசுவதற்குக் காரணமில்லை. ஆனால் பொடியின் தடிமனும் அளவில் சேர்ந்துவிடும். அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் படிவதுமில்லை. தொலைநோக்கியின் கண்ணாடிமேலும் நோயாளியின் கண்மேலும் பொடி தெளிக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தவற்றின் சாரம்: மங்கலான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் அதன்மேல் வரி பதிகிறது, எனவே இடத்தை நேரடியாக அளக்கலாம். பளபளப்பான பரப்பில் வரி பதியாது. அதில் தெரிவதெல்லாம் சுற்றியுள்ள பொருள்களின் பிம்பமே.

டிங்கரிங் பட்டறையின் குழல்விளக்கு

கார்களின் நசுங்கலை நிமிர்த்தும் டிங்கரிங் தொழிலாளர், கதவைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை; தலையைச் சாய்த்து, அதில் தெரியும் குழல்விளக்கின் பிம்பத்தைப் பார்க்கிறார். தகடு சீராக இருந்தால் பிம்பம் நேர்கோடாகவோ சீரான வளைவாகவோ ஓடும். விரல் நுனிக்கே தட்டுப்படாத நசுங்கல் இருந்தாலும் அந்த இடத்தில் கோடு வெட்டுப்பட்டதுபோல் நெளியும். அவர் கதவைப் பார்க்கவில்லை. கதவு விளக்கை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கிறார். முறை இங்கே தலைகீழாகிறது: வரியைப் பொருளின்மேல் வீசாமல், வரியை வெளியே வைத்துவிட்டுப் பொருளின் வழியாக அதைப் பார்ப்பது.

இவ்வளவு சிறிய நசுங்கல் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? வகுப்பறையில் கைக்கடிகாரத்தின் கண்ணாடியால் வெயிலைச் சுவரில் ஓடவிட்டு விளையாடியவர்களுக்கு விடை தெரியும். மணிக்கட்டைச் சற்றே அசைத்தால் ஒளிப்புள்ளி சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்விடும். கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால், எதிரொளிக்கும் கதிர் இரண்டு பாகை திரும்புகிறது. சுவர் தள்ளியிருக்கத் தள்ளியிருக்க அந்தத் திருப்பம் பெரிய நகர்வாக வளர்கிறது.

எண்களில் பார்ப்போம். 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் 1 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பரப்பு இறங்குகிறது என்று கொள்வோம். தலைமுடியின் தடிமனில் இது ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. இந்த இறக்கத்தின் சரிவு 5,000-இல் 1. எதிரொளிப்பில் அது இரட்டித்து, 1 மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் 0.4 மில்லிமீட்டர் நகர்வாகத் தெரியும். 1 மைக்ரோமீட்டர் உயர வேறுபாடு 400 மடங்கு பெரிதாகிவிட்டது, எந்த லென்சும் இல்லாமல். இங்கே நாம் அளந்தது பரப்பின் உயரத்தை அன்று, அதன் சரிவை. ஓரிடத்தில் பரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே சரிவு.

கண் மருத்துவரிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி

பார்வைத் திருத்த அறுவைக்கு முன் கண் பரிசோதனை செய்துகொண்டவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிரும் வட்டங்கள் கொண்ட ஒரு கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்திருக்கக்கூடும். விழியின் முன்புறமுள்ள கருவிழிப்படலம் (கார்னியா) கண்ணீர்ப் படலத்தால் மூடப்பட்டுக் கண்ணாடிபோல் எதிரொளிக்கிறது. வட்டங்களின் பிம்பம் அதில் எப்படி விழுகிறது என்பதைக் கிண்ணத்தின் நடுவிலுள்ள கேமரா படமெடுக்கிறது. வளையங்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் படலம் அதிகமாக வளைந்திருக்கிறது. விலகியிருக்கும் இடத்தில் தட்டையாக இருக்கிறது. படலம் கூம்புபோல் புடைத்துக்கொள்ளும் நோயில் வட்டங்கள் முட்டை வடிவமாகி ஒரு பக்கம் நெருக்கியடிக்கும்.

இந்த வட்டத்தட்டைப் போர்த்துகீசிய மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ 1880-இல் உருவாக்கினார். அவர் காலத்தில் கேமரா வைக்கும் இடத்தில் மருத்துவரின் கண் இருந்தது. கணினியும் திரையும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கொள்கை முழுமையாக இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தொலைநோக்கி செய்வோரிடமும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது: 1858-இல் லியோன் ஃபூக்கோ, கண்ணாடியிலிருந்து திரும்பும் கதிர்கள் ஒன்றுகூடும் இடத்தில் ஒரு கத்தி விளிம்பை நிறுத்தி, சரிவுப் பிழைகள் நிழலாகவும் வெளிச்சமாகவும் தெரியும்படி செய்தார். வீட்டில் கண்ணாடி தேய்ப்பவர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள்.

திரை, கேமரா, நகரும் வரிகள்

இன்றைய கருவியில் குழல்விளக்கின் இடத்தைக் கணினித் திரையும் தொழிலாளியின் கண்ணின் இடத்தைக் கேமராவும் எடுத்துக்கொள்கின்றன. இம்முறைக்கு டிஃப்ளெக்டோமெட்ரி என்று பெயர்; கதிரின் திசைமாற்றத்தை அளத்தல் என்பது பொருள். இதை 'விலகல்' என்ற சொல்லால் மொழிபெயர்த்தால், நீரிலோ லென்சிலோ நுழையும் கதிர் வளையும் ஒளிவிலகலோடு குழம்பிவிடும் என்பதால் ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொள்கிறேன்.

கருவி தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கேமராவின் ஒவ்வொரு படப்புள்ளியும், பொருளில் பட்டுத் திரும்பிய பின் திரையின் எந்த இடத்தைக் காண்கிறது? இதற்காகத் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் மீண்டும் கறுப்புக்கும் படிப்படியாக மாறும் வரிகள் காட்டப்படுகின்றன. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் சைன் அலையின் வடிவில் அமைகிறது. வரிகளைக் கால் பங்கு கால் பங்காக நகர்த்தி நான்கு படங்கள் எடுத்தால், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நான்கு வெளிச்ச அளவுகள் கிடைக்கும். முதலாவதிலிருந்து மூன்றாவதையும், நான்காவதிலிருந்து இரண்டாவதையும் கழிக்கும்போது அறையிலிருந்து புகுந்த வேண்டாத ஒளி நீங்குகிறது; அந்த இரண்டு வித்தியாசங்களின் விகிதத்தை எடுக்கும்போது, அந்த இடம் நன்றாக மின்னுகிறதா மங்கலாக மின்னுகிறதா என்பதும் நீங்குகிறது. எஞ்சி நிற்பது, ஒரு வரியின் சுழற்சிக்குள் அந்தப் படப்புள்ளி காணும் இடம் மட்டுமே. இதற்குக் கட்டம் என்று பெயர்.

கடிகாரத்தின் பெரிய முள் ஒரு மணிக்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். எந்த மணி என்று சொல்லாது. கட்டமும் அப்படியே. எனவே சின்ன முள்ளின் வேலையைச் செய்ய, இன்னும் அகலமான வரிகளைக் காட்டி எந்த வரி என்பதையும் கண்டறிகிறார்கள். பிறகு வரிகளைக் குறுக்காகத் திருப்பி அதே வேலையை மறுபடி செய்தால், திரையின் இடம் இரண்டு அச்சுகளிலும் கிடைத்துவிடும்.

சைன் அலையைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியிலுள்ள தூசியையும் அதில் தெரியும் முகத்தையும் ஒருசேரக் கூர்மையாகப் படமெடுக்க முயன்றவர்களுக்கு அது முடியாதது தெரியும். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அளவீட்டுக் கேமரா பொருளின் பரப்பைக் கூர்மையாகப் பார்க்க வேண்டியிருப்பதால் திரையின் பிம்பம் மங்கித்தான் ஆகும். கூர்மையான கறுப்பு வெள்ளைப் பட்டை மங்கினால் அதன் விளிம்பு தொலைந்துவிடும். சைன் அலை மங்கினால் சைன் அலையாகவே இருக்கும். வெளிச்ச வேறுபாடு மட்டும் சற்றுக் குறையும்.

சரிவிலிருந்து உயரத்துக்கு

மலைப்பாதையில் ஏறும் ஒருவர், ஒவ்வோர் அடியிலும் பாதை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், அந்தக் குறிப்புகளைக் கூட்டி மலையின் உயரத்தைச் சொல்லிவிடலாம். சரிவுகளை இப்படிக் கூட்டி உயரமாக்குவது தொகையீடு. டிஃப்ளெக்டோமெட்ரியில் வடிவம் கிடைப்பது இவ்வழியில்தான்.

ஆனால் அதற்கு முன் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஒரு படப்புள்ளி பார்க்கும் திசை ஒரு நேர்கோடு. பொருள் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. அது கேமராவுக்கு அருகில் ஒரு விதமாகச் சாய்ந்திருந்தாலும், தொலைவில் வேறு விதமாகச் சாய்ந்திருந்தாலும், திரையின் அதே இடம்தான் தெரியும். தூரம் தெரியாமல் சரிவு தெரியாது. சரிவு தெரியாமல் தூரம் தெரியாது. இதற்குப் பெரிதும் கையாளப்படும் தீர்வு இரண்டாவது கேமரா. கோட்டிலுள்ள ஒவ்வோர் இடத்திலும் முதல் கேமரா ஒரு சாய்வைக் கோரும், இரண்டாவது கேமரா தன் பங்குக்கு ஒரு சாய்வைக் கோரும். பரப்பு உண்மையில் இருக்கும் இடத்தில் இரண்டு கோரிக்கைகளும் ஒத்துப்போகும். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்குஸ் க்னாவர், யூர்கன் கமின்ஸ்கி, கெர்ட் ஹாய்ஸ்லர் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, நகரும் வரிகளையும் இந்தக் கேமரா இணையையும் சேர்த்து வளைந்த பளபளப்பான பரப்புகளை அளக்கும் வழியைக் காட்டியது.

இனி வருவது, விளம்பரங்களில் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லப்படாத செய்தி. முன்பு பார்த்த கணக்கில் 1 மைக்ரோமீட்டர் இறக்கம் 5 மில்லிமீட்டருக்குள் நிகழ்ந்தது. அதே 1 மைக்ரோமீட்டர் 500 மில்லிமீட்டர் தூரத்தில் மெல்ல இறங்கினால், திரையில் நகர்வு 0.4 மில்லிமீட்டர் அன்று. அதில் நூற்றில் ஒரு பங்கு. மேலும், தன் எடையாலேயே திரை சற்று வளைந்திருந்தால், அது எல்லாச் சரிவுகளிலும் ஒரு சிறு பொய்யைக் கலக்கும். தொகையீடு அந்தப் பொய்களையும் சேர்த்துக் கூட்டும். 1,00,000-இல் 1 என்ற அளவு சரிவுப் பிழை, அரை மீட்டர் தூரத்தில் 5 மைக்ரோமீட்டர் உயரப் பிழையாகிவிடும். ஆகவே 'நானோமீட்டர் துல்லியம்', அதாவது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுத் துல்லியம், என்று ஒருவர் சொன்னால், அது சிறு மேடுபள்ளங்களைக் கண்டறியும் கூர்மையைக் குறிக்கிறதா, முழுப் பொருளின் வடிவத்தைக் குறிக்கிறதா என்று கேட்க வேண்டும். முதலாவது உண்மையாகவும் இரண்டாவது பொய்யாகவும் ஒரே கருவியில் இருக்கலாம்.

பொருளின் வடிவமும் வரம்பு வைக்கிறது. எவர்சில்வர் சொம்பின் வயிற்றில் சமையலறை முழுவதும் தெரிகிறது. அதுபோலப் புடைத்த பரப்பு ஒன்றில் எங்கு பார்த்தாலும் திரை மட்டுமே தெரிய வேண்டுமானால், திரை பொருளைச் சூழ்ந்து நிற்க வேண்டும். குழிந்த பரப்புக்குச் சிறிய திரையே போதும்.

சுருங்கச் சொன்னால்: பிம்பத்தின் நெளிவு சரிவைத் தருகிறது, இரண்டாவது கேமரா தூரத்தைத் தருகிறது, தொகையீடு வடிவத்தைத் தருகிறது. சிறிய நசுங்கலுக்கு இம்முறை மிகக் கூர்மை. பெரிய வளைவுக்கு அவ்வளவு கூர்மை இல்லை.

அலைகளால் ஒப்பிடுதல்

மெருகேற்றிய லென்சுகளுக்கும் தொலைநோக்கிக் கண்ணாடிகளுக்கும் நெடுங்காலமாக அளவுகோலாக இருப்பது குறுக்கீட்டு முறை. அளக்க வேண்டிய பரப்பிலிருந்து வரும் ஒளியையும் வடிவம் தெரிந்த ஒரு மூலப்பரப்பிலிருந்து வரும் ஒளியையும் ஒன்றாகச் சேர்த்தால், அலைகள் கூடும் இடத்தில் வெளிச்சமும் மாறுபடும் இடத்தில் இருளும் வரிவரியாகத் தோன்றும். சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர், ஒளி போய்த் திரும்புவதால், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு உயர வேறுபாடு அதில் பாதி, ஏறக்குறைய 316 நானோமீட்டர். இங்கே உயரமே நேரடியாகக் கிடைக்கிறது. ஆனால் மூலப்பரப்பிலிருந்து பொருள் அதிகம் வேறுபட்டால் வரிகள் பிரித்தறிய முடியாதபடி நெருங்கிவிடும். தரை அதிர்ந்தாலும் கலைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பீடு என்பது ஒப்பிடும் பொருளைவிட நல்லதாக இருக்க முடியாது. 1990 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி, விளிம்பில் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்தவர்கள் கவனக்குறைவாக இல்லை. சோதனைக் கருவி காட்டிய வடிவத்துக்கு மிகத் துல்லியமாகவே தேய்த்தார்கள். அந்தக் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. எளிமையான வேறு சோதனைகள் பிழையைக் காட்டியபோதும், முதன்மைக் கருவியே நம்பகமானது என்று அவை ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஒளியமைப்பைப் பொருத்தினார்கள். இன்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மாபெரும் மகெல்லன் தொலைநோக்கிக்காகச் செய்யப்படும் 8.4 மீட்டர் கண்ணாடிகளைக் குறுக்கீட்டு முறையோடு நிறுத்தாமல், ஒரு திரையையும் கேமராவையும் கொண்ட டிஃப்ளெக்டோமெட்ரி வழியிலும் தனியாகச் சோதிக்கிறார்கள். இரண்டு முறைகளும் வெவ்வேறு விதமாகத் தவறக்கூடியவை என்பதே அந்த ஏற்பாட்டின் பலம்.

பளபளப்பு என்பது யாருடைய கண்ணுக்கு?

மெருகில்லாத மரமேசையைக்கூட அதன் விளிம்பின் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தால், சன்னல் வெளிச்சம் அதில் கண்ணாடியில்போல் மின்னும். பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரிது, ஒளி எந்தக் கோணத்தில் வருகிறது என்ற இரண்டுமே ஒரு பரப்பு பளபளப்பா மங்கலா என்பதைத் தீர்மானிக்கின்றன.

வண்ணம் பூசப்படாத உலோகத் தகடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது வரி பதிய வேண்டிய அளவுக்கு மங்கலாகவும் இல்லை, பிம்பம் தெரிய வேண்டிய அளவுக்குப் பளபளப்பாகவும் இல்லை. முக்கோண முறையும் டிஃப்ளெக்டோமெட்ரியும் அதனிடம் தடுமாறுகின்றன. ஆனால் நாம் காணும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரோமீட்டர் அளவு. சூடான பொருளிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பக் கதிரின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டர் அளவு. அந்த நீண்ட அலைக்குத் தகட்டின் சொரசொரப்பு ஒரு பொருட்டன்று. வெப்பக் கேமராவின் கண்ணுக்கு அதே தகடு நல்ல கண்ணாடி. ஆய்வுக்கூடங்களில் கணினித் திரைக்குப் பதிலாகச் சூடேற்றிய கம்பிகளை வரிகளாக நிறுத்தி, தகட்டில் அவற்றின் பிம்பம் நெளிவதை வெப்பக் கேமராவால் படமெடுத்து, வண்ணம் பூசுவதற்கு முன்பே நசுங்கலைக் கண்டுபிடிக்கிறார்கள்.